மூச்சுக்கோடு

...இல்லை, வெறும் ஈரம்தான், மழைக்காற்று உள்ளே புகுந்தால் மலிவான குழல் இப்படித்தான் பிதற்றும் என்று பெடியாக்கோ அண்ணனே சொல்லியிருக்கிறான், என்றாலும் யாரும் வாய் வைக்காத அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் குழல் மேசையில் சும்மா கிடக்க, மடிக்கணினித் திரையில் ஊதும் மூச்சை வரைந்து காட்டும் மூச்சுக்கோடு மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, மறுபடி ஏறுவதைக் கண்டபோது செர்வாவுக்குப் பின்கழுத்து சில்லிட்டது. வாய்முனையைத் துடைத்தாள், கோடு படுத்துவிட்டது... இதற்கா பயந்தாய்? குமாசி சந்தையில் பொம்மைக் கடைக்காரனிடம் அண்ணன் வாங்கினது, தனியாக ஊதினால் கொசு ரீங்காரம், கம்பியைக் கணினியில் செருகினால் ட்ரம்பெட், செல்லோ, நாலு பேர் சேர்ந்து பாடுவது, எதுவாகவும் மாறும். "ஊதறது நான், பாடறது வேற யாரோ" என்று சிரிப்பான், சிரிப்பு இருமலாக முடியும், அந்த இருமல்தான் போன வருஷம் அவனைக் கொண்டுபோயிற்று, அதற்கு முன்னால் அம்மாவை... போதும், ஊது. சனிக்கிழமை அவனுடைய நினைவு நாள், சாவதற்குச் சில வாரம் முன்பு அவன் பதிந்துவைத்த மெட்டோடு இவளும் சேர்ந்து வாசித்துத் தருவதாக சர்ச்சில் சொல்லியாகிவிட்டது. கடைசி வரை ஊதி முடித்தாள். திரையில் இப்போது இரண்டு கோடுகள், ஒரே பச்சை, ஒன்றின் கீழ் ஒன்று... கீழே இருப்பதுதான் நம்முடையதாக இருக்கும்.

அண்ணன் மனைவி டுஃபி கையில் அகப்பையோடு வாசலில் நின்றாள். "யாருடி வாசிச்சது? அவருதான்னு நெனச்சு அடுப்ப விட்டுட்டு ஓடி வந்தேன்." "நாங்க ரெண்டு பேருந்தான் அண்ணி." "பட்டப்பகல்ல பேயத் துணைக்கு வச்சுக்கிட்டா வாசிக்கிற? சரி, போடு, கேப்போம்." கேட்டுக்கொண்டே அண்ணி மேல் கோட்டில் விரல் வைத்தாள். "இங்க பாரு, குழி குழியா... ஒரு வரி முழுசா போகல, நடுநடுவுல மூச்சு வாங்குது. அப்பவே முடியல அவருக்கு, பாவி நான் கவனிக்கல. உன்னோடதப் பாரு, ஒரே இழுப்பு, பாடற நெஞ்சுல்ல!" கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

இத்தனை கஷ்டப்பட்டு ஊதியவன்மேல் நம் சத்தத்தைப் பூசுவதா, வேண்டாம், அவன் மட்டும் ஒலிக்கட்டும்... கடைசியாகப் பதிந்ததை அழிக்கும் பொத்தானைத் தட்டினாள். மறைந்தது மேல் கோடு. ஐயோ, அவனை அழித்துவிட்டோமா? திரும்பக் கொண்டுவந்தாள், மறுபடி தட்டினாள், மறுபடி அதே குழி விழுந்த கோடுதான் போயிற்று, மிஞ்சியது ஒரே இழுப்பாக நீண்ட கோடு. கடைசியாகப் பதிந்ததை மட்டுமே அது அழிக்கும்... அப்படியானால் குழி விழுந்தது நம் கோடா... சாகக் கிடந்தவனுக்கு இவ்வளவு மூச்சு எங்கிருந்து வந்தது?

"செர்வா, அவரோடத மட்டும் ஒரு தடவ போடேன்" என்று அண்ணி கூப்பிட்டாள். "இதோ அண்ணி, அதத்தான்..." என்று தொடங்கியவள் நடுவில் நிறுத்திக் காற்றை இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எத்தனை நாளாக இப்படி?