ஞாயிற்றுக்கிழமைக்கு விளக்கம்

றுமைஸாவுக்கு மன்னார் நகரத்தில் ஓர் உதவி நிறுவனத்தில் அறிக்கை எழுதுகிற வேலை. தாராபுரத்திலிருந்து காலையில் பஸ் ஏறினால் வீடு திரும்ப மஃரிப் தொழுகை நேரமாகிவிடும். சேர்ந்த புதிதில் மனதில் பட்டதையெல்லாம் எழுதி இணையத்தில் ஒரு பக்கமும் வைத்திருந்தாள். வேலை கூடக் கூட அது நின்றுபோனது. சனி, ஞாயிறும் அறிக்கைதான். வாசிப்பதுகூடப் புள்ளிவிபரத்துக்காக, தேவையானதைப் பிடுங்கிக்கொண்டு மூடிவிடுவாள்.

அந்த ஞாயிறு, நூலகத்தில் எடுத்த நாவலோடு முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். முதல் இருபது பக்கமும் பிடிபடவில்லை. கண் பழக்கதோஷத்தில் எண்களையே தேடியது. பிறகு, கதையில் வருகிற பெண் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைத்த கறியில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டாள். றுமைஸா சிரித்துவிட்டு அதே பக்கத்தை மூன்று தரம் வாசித்தாள். யாருக்கும் சுருக்கி அனுப்பத் தேவையில்லாத பக்கம்.

அப்போதுதான் மேலாளர் தனஞ்சயன் அழைத்தார். பெரியமடு வெள்ள அறிக்கையைத் திருத்தி மாலைக்குள் அனுப்பச் சொன்னார். நாளை கந்தோருக்கு வந்து செய்வதாகச் சொன்னாள்.

"ஏன், வீட்டில ஏதும் பிரச்சினையோ?"

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பேச்சு முடிந்திருக்கும். முன்பு அப்படிச் சொன்னதும் உண்டு. இன்று வாய் வரவில்லை.

"இல்லை சேர். கதைப் புத்தகம் வாசிக்கிறன்."

அவர் அழைப்பைத் துண்டித்துவிட்டார். கேட்டுக்கொண்டிருந்த கணவன் றினாஸ், காய்ச்சல் என்றே சொல்லியிருக்கலாம் என்றான்.

"நான் வாசிக்கிறதுக்குப் பிள்ளைக்கு ஏன் காய்ச்சல் வரணும்?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

திங்கள் காலை மேசையில் கடிதம் கிடந்தது. வேலையை மறுத்ததற்கு எழுத்தில் விளக்கம் வேண்டுமாம். ஞாயிறு என் விடுமுறை, அன்று வாசித்துக்கொண்டிருந்தேன் என்று இரண்டே வரி எழுதிக் கொடுத்தாள். ஆனால் கை ஓயவில்லை. மதிய இடைவேளையில் வெற்றுத்தாள் எடுத்து, பெரியமடுச் சிவராணியைப் பற்றி எழுதத் தொடங்கினாள்.

வெள்ளம் கொண்டுபோனவற்றைப் பதிய றுமைஸா அங்கே போயிருந்தபோது, நெல்லையும் கோழிகளையும் சொல்லி முடித்த சிவராணி, இரண்டு கதைப் புத்தகங்களையும் சொன்னாள். படிவத்தில் அதற்கு இடமில்லை. றுமைஸா ஓரத்தில் எழுதினாள், தனஞ்சயன் வெட்டிவிட்டார். ஒரு புத்தகத்தின் கதையைச் சேற்றில் நின்றபடியே சொன்ன சிவராணி, "கடைசி அத்தியாயம் வாசிக்க முன்னம் தண்ணி வந்திட்டுது" என்றபோதுதான் அழுதாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு றுமைஸா தனக்கென்று எழுதியது அந்த நான்கு பக்கம்.

அடுத்த மாதம் பதவி உயர்வு, ஞாயிறுகளிலும் வேலை செய்த சக ஊழியை ஜெயனிக்குப் போனது. இரண்டு நாள் றுமைஸாவுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சிவராணியிடம் தொலைபேசியில் சம்மதம் கேட்டுக்கொண்டு, நான்கு பக்கத்தையும் தன் முழுப்பெயரோடு இணையத்தில் போட்டாள். தான் வெட்டிய வரியை அதில் தனஞ்சயனும் வாசிப்பார் என்று தெரியும். ஒரு சொல்லையும் அவள் மாற்றவில்லை.