வற்றத்தில் வந்த கப்பல்

கம்பளி வியாபாரி வாரினுக்கு இனி அதிக நாள் இல்லை என்று வைத்தியர் கைவிரித்துவிட்டார். லண்டன் வீட்டு மாடியில் படுத்துக்கொண்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். செத்துப்போன கவிஞர் பாதியில் விட்ட அந்த அண்ணன் தம்பி கதை எப்படி முடிகிறது?

மிச்சம் எங்கேயும் இல்லை என்பது நகல் எழுதும் ஆஸ்பெர்ட்டுக்குத் தெரியும். என்றாவது கிடைக்கும் என்று நகல்காரர்கள் எல்லோரும் அந்த இடத்தில் காலித்தாள் விட்டுத்தான் தைப்பார்கள். ஆனால் வாரினின் மனைவி இடோனியா கண்கலங்கிக் கேட்டபோது இல்லை என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. தானே ஒரு முடிவு கட்டி, "கிடைச்சிருச்சும்மா" என்று கொண்டுவந்தான். பொய் வெளிப்பட்டால் அவனை நம்பி இனி ஒருவரும் ஒரு தாள்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

வாரினுக்குப் படித்துக் காட்டினான். கடலோடிப் போன தம்பி திரும்பி வருகிறான். கடல் உள்வாங்குவதோடு தேம்ஸ் ஆறும் வடிந்து கரைச்சேறு தெரிகிற வற்றத்தில், கப்பல் கடலிலிருந்து மேலேறித் துறைக்கு வருகிறது.

"நிறுத்துப்பா," என்றார் வாரின். "தண்ணி வத்துறப்ப எந்தக் கப்பல் மேல ஏறி வரும்?"

"ஐயா..."

"அந்தக் கவிஞர் கம்பளி ஏத்துற கப்பல் துறையில என்கிட்டயே வரி வாங்கினவரு. தண்ணி ஏறுதா வடியுதான்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாரு. இத யாரு எழுதினது?"

ஆஸ்பெர்ட் தாளைக் கீழே வைத்தான். "நான்தான்யா."

"சாகக் கிடக்கிறவர்கிட்டயா வெளையாடுற?" என்று இடோனியா சீறினாள்.

"நீ சும்மா இரு." வாரின் சிரித்து, சிரிப்பிலேயே இருமினார். "எழுதுற தைரியம் ஒனக்கு எங்கிருந்துப்பா வந்துச்சு?"

"அவராலதான். பாட்டுன்னா பிரெஞ்சு, லத்தீன்லதான்னு நெனச்சிருந்தேன். நம்ம கடைத்தெருப் பேச்சையே அவர் பாட்டா எழுதிட்டாரு. பத்து வருஷமா அதையே நகல் எடுத்து எனக்கும் வாய் வந்துருச்சு. என்னைக்கும் அவர மறக்க மாட்டேன்."

"அப்புறம் ஏன் ஒன் தப்ப அவர் தலையில கட்டுற? தண்ணிய ஏத்திவிட்டுப் படி. தம்பி வீடு வந்து சேர்ந்தானா?"

சேர்ந்தான். அண்ணன் அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு விலாங்குமீன் குழம்பு ஊற்றினான். வாரின் கண்ணை மூடியபடி கடைசிவரை கேட்டார்.

"தேவலையே," என்றார். "ஒன் பேரப் போட்டுக்கோ."

வாரினின் அடக்கம் முடிந்த வாரம் ஆஸ்பெர்ட் அந்தக் கதையைப் புத்தகமாகத் தைத்து இடோனியாவிடம் கொடுத்தான். கவிஞரின் கடைசி வரிக்குக் கீழே, 'அவர் எழுதியது இவ்வளவே' என்று சிவப்பு மையில் இருந்தது. அடுத்த தாளில் அவன் முடிவு, ஏறுகிற தண்ணீரோடு. அதன் அடியில் பொடி எழுத்தில், 'தப்பெல்லாம் ஆஸ்பெர்ட்டுடையது. எழுதலாம் என்று காட்டியவருக்கு நன்றி.'

இடோனியா தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"ஒன் பேர இன்னும் கொஞ்சம் பெருசா எழுதியிருக்கலாம்," என்றாள்.