ஒழுங்காக மூச்சுவிட்ட ரப்பர் பை

முப்பது வருடம் வீடு வீடாக ஏறி மின்சார மீட்டர் பார்த்தவரின் வீட்டுக்குள்ளேயே ஒரு மீட்டர் வந்து சட்டமாய் உட்கார்ந்துகொண்டது. தெருவில் அவருக்குப் பெயரே மீட்டர்க்காரர்தான். உடம்பிலுள்ள தசைகள் ஒவ்வொன்றாக வேலைநிறுத்தம் செய்யும் வியாதி. முதலில் கால்கள் கைவிட்டன. இப்போது இருமலும் கைவிட்டது. நெஞ்சில் சளி சேர்ந்தால் வெளியே தள்ளத் தெம்பில்லை. அதற்காக ஆஸ்பத்திரியில் இரவலாக ஒரு இயந்திரம் கொடுத்தார்கள். மாஸ்க் வழியாக நெஞ்சு நிறையக் காற்றை அடைக்கும், மறுநொடி வெடுக்கென்று உறிஞ்சும். காலையும் மாலையும் ஐந்தைந்து மூச்சாக ஐந்து சுற்று. என்றைக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை மூச்சு என்று எல்லாவற்றையும் அதுவே குறித்துக்கொள்ளும்.

“ஒழுங்கா பண்ணலன்னா மெஷின் அடுத்தவங்களுக்குப் போயிடும் சார். பெரிய வரிசையே காத்துக்கிட்டிருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள் நர்ஸ்.

முதல் நாளே மனிதர் ஆடிப்போனார். கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது, குடலே வாய்க்கு வந்துவிடும்போல் இழுத்தது. “இது வைத்தியமா, வழிப்பறியா?” என்று மனைவியிடம் எகிறினார். திருப்பிக் கொடுத்துவிடவும் பயம். நாளைக்குச் சளி கட்டினால் வேண்டுமே. “நீ பக்கத்துல நின்னா கூச்சமா இருக்கு. நானே தனியா பண்ணிக்கிறேன்” என்றார். அந்த அப்பாவி நம்பினாள்.

மீட்டரை ஏமாற்றியவர்களை வாழ்நாள் முழுக்கப் பிடித்தவர் அவர். காந்தம் வைத்தவன், கம்பி சொருகியவன், எவன் எங்கே கோட்டைவிட்டான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சும்மா ஓடவிட்டால் காற்றுக் கசிகிறது என்று இயந்திரம் போட்டுக்கொடுத்துவிடும். அதனால் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, இடுப்புக்கு ஒத்தடம் கொடுக்கும் ரப்பர் பையின் வாயில் குழாயைச் செருகி, டேப்பால் இறுக்கிச் சுற்றினார். பை உப்பியது, சுருங்கியது. இயந்திரத்துக்குப் பரம திருப்தி. மனைவி தையல் கடைக்குக் கிளம்பியதும் ஒரு தடவை, அவள் திரும்புவதற்குள் ஒரு தடவை. பை மூச்சுவிட்டது, ஐயா பேப்பர் படித்தார். மூன்று மாதத்தில் ஒரு வேளை தவறவில்லை.

மூன்று மாதம் கழித்து இருவரும் மெஷினோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா அதன் கணக்கைத் திரையில் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்.

“நூத்துக்கு நூறு! இப்படி ஒருத்தரை நான் பார்த்ததே இல்ல.”

மீட்டர்க்காரர் புதுமாப்பிள்ளைபோல் தலைகுனிந்தார். அப்புறம் இருமலின் வேகத்தை அளக்கும் ஒரு சின்னக் கருவிக்குள் இருமச் சொன்னார்கள். போன தடவை வந்ததில் பாதிகூட வரவில்லை. டாக்டரம்மாவின் முகம் மாறியது.

“இவ்வளவு ஒழுங்கா பண்ணியும் இறங்கிட்டே போகுதுன்னா, இந்த மெஷினால உங்களுக்குப் பிரயோஜனமில்ல. அதை வேற யாருக்காவது கொடுத்துடலாம். உங்களுக்குத் தொண்டையில துளை போட்டுக் குழாய் வச்சிடலாம்.”

“பேச்சு?”

“கஷ்டம்தான்.”

அவருக்கு மிச்சமிருந்தது வாய் ஒன்றுதான். அதை வைத்துத்தான் நாற்காலியில் இருந்தபடியே தெருவை ஆண்டுகொண்டிருந்தார்.

“டாக்டரம்மா, நான் பண்ணவே இல்ல. ரப்பர் பைதான் பண்ணிச்சு” என்று ஆரம்பித்து, டேப் சுற்றியது, பேப்பர் படித்தது வரை ஒன்றுவிடாமல் கக்கிவிட்டார்.

டாக்டரம்மா பரிதாபமாகச் சிரித்தார். “ஆபரேஷன்னதும் எல்லாரும் ஏதாவது கதை சொல்வாங்க. பயப்படாதீங்க. இங்க பாருங்க, தேதி, நேரம், மூச்சு, எல்லாமே சரியா இருக்கே.” எதிரே உயிரோடு உட்கார்ந்திருப்பவன் பேச்சு எடுபடவில்லை. திரை சொன்னால் சொன்னதுதான்.

நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த மனைவி, “அந்த மெஷின இவருக்கு ஒரு தடவ போட்டுப் பாருங்க” என்றாள்.

நர்ஸ் மாஸ்க்கை வைத்து அழுத்தினாள். முதல் மூச்சுக்கே மனிதர் துள்ளினார். இரண்டாவதற்கு மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, “ஐயோ, கொல்றாங்களே!” என்று அலறினார்.

நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “மூணு மாசம் பழகினவங்க இப்படித் துள்ள மாட்டாங்க டாக்டர். இவர் சத்தியமா பண்ணல.”

தான் சொல்வது உண்மை என்று நிரூபிக்க இதைவிடக் கேவலமான வழி யாருக்கும் வாய்த்திருக்காது. குழாய் விஷயத்தை ஒரு மாதம் தள்ளிவைப்பதாக டாக்டரம்மா சொன்னார். தப்பித்த சந்தோஷத்தில் மீட்டர்க்காரர் அசடு வழிய மனைவியைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

“மெஷினுக்கும் வியாதி கேக்கல, அவ்வளவுதான்னு நெனச்சேன். நீங்க ஒவ்வொரு தடவ திணறும்போதும், இதோ போயிடப் போறீங்கன்னு நெனச்சேன். கடையில பாத்ரூமுக்குள்ள போய் வாயப் பொத்திக்கிட்டு அழுவேன். உங்களுக்கப்புறம் நான் எங்க போய் இருக்கிறதுன்னு அக்காகிட்டகூடப் பேசிட்டேங்க. அப்ப நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்களா?”

வெட்கத்தில் அவருக்கு உடம்பே குறுகிவிட்டது.

அவள் நர்ஸின் கையிலிருந்து மாஸ்க்கை வாங்கி, இரண்டு கையாலும் அவர் முகத்தில் அழுத்திப் பிடித்தாள். ஒரு சுற்று. சளி கட்டியாக வந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் அழுத்தினாள். மூன்றாவது சுற்று முடிந்ததும் போதும் என்று அவர் கையைத் தூக்கினார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவளுக்கும்தான்.

“இன்னும் ரெண்டு இருக்கு” என்றாள். கையை எடுக்கவில்லை.