பீற்றிஸுக்குச் செய்த விளக்கு

பீற்றிஸின் கல்லறை சேமக்காலையின் கடைசி வரிசையில், வாவியைப் பார்த்தபடி இருக்கிறது. ஆத்துமாக்கள் திருநாளன்று ஊரே வந்து கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும். வாடைக்காற்று தண்ணீரிலிருந்து ஏறி முதலில் அவளுடைய திரியைத்தான் தின்னும். அவள் புருஷன் அல்பேட் வாய் திறந்து ஒன்றிரண்டு சொல்லுமுன் அணைந்துவிடும். இருண்ட கல்லோடு என்ன கதை? எழும்பிப் போய்விடுவார். சொல்ல எவ்வளவோ கிடந்ததே என்ற நினைப்பு மட்டும் அடுத்த திருநாள்வரை கூடவே இருக்கும்.

இந்த முறை விளக்கைத் தானே செய்வதென்று முடிவெடுத்தார். மேசன் வேலை பார்த்த கை. ஏறாவூரில் சாலிஹின் பழைய இரும்புக் கடையில் பால்மா டின், அலுமினியச் சட்டி மூடி, வாய் அகன்ற ஊறுகாய்ப் போத்தல் எல்லாம் பொறுக்கினார்.

"என்னண்ணன், கப்பலுக்கா வெளிச்சம் போடப் போறீங்க?" என்றான் சாலிஹ்.

"பொஞ்சாதிட கல்லறைக்கு."

சாலிஹின் சிரிப்பு நின்றது. "அப்ப பேட்டரி லைட் ஒண்டு வையுங்களன். காத்துக்கும் பயமில்ல."

"டோர்ச் அடிச்சுக்கொண்டு நிண்டா கள்ளனத் தேடுற மாதிரி இருக்கும். அவளுக்கு நெருப்புத்தான் வேணும்."

டைல் வெட்டும் மெஷினில் போத்தலின் அடியை அறுத்தார். சீமெந்துப் பீடத்தில் டின்னை இறுக்கி, உள்ளே எண்ணெய்ச் சிமிழை வைத்து, மேலே போத்தலை நிறுத்தி, அதன் வாயைச் சட்டி மூடியால் மூடினார். காற்று நுழைய ஓர் இடுக்கும் விடவில்லை. சுடர் மூச்சு முட்டிச் செத்தது. மூடியை ஆணிக் கால்களில் தூக்கி வைத்து, டின்னில் துளையிட்டார். துளை வழியே காற்று புகுந்து அணைத்தது. கடைசியில் துளைகளை மறைத்து, விரல் இடைவெளி விட்டு, இன்னொரு தகரத்தைச் சுற்றிக் கட்டினார். காற்று தகரத்தில் மோதி, வேகம் செத்து, மெல்ல உள்ளே போனது. மின்விசிறியை முழு வேகத்தில் விட்டுப் பார்த்தார். சுடர் ஆடியது. அணையவில்லை.

திருநாளன்று பொழுது சாயவே தூறல் தொடங்கிவிட்டது. எல்லா மெழுகுதிரிகளும் அணைந்தன. பக்கத்து வீட்டுச் சுகந்தினி பிள்ளைகளைக் குடைக்குள் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"எல்லாம் நூந்திட்டு, போவம் வாங்க மாமா... அட, உங்கட மட்டும் எரியுது! கெட்டிக்காரன்தான். சரி, ஆறுதலா இருந்து கதைச்சிட்டு வாங்க."

சேமக்காலை காலியானது. அல்பேட் கதைத்தார். கிணற்றுத் தண்ணீர் உவர்க்கிறது. கட்டாரிலிருக்கும் மகன் அன்ரோவுக்கு இந்த வருஷமும் லீவு இல்லையாம். முழங்கால் நோகிறது.

அவ்வளவுதான். வேறு என்ன? யோசித்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. இத்தனை வருஷம் காற்றைத் திட்டியது வீண்.

விளக்கு நிமிர்ந்து எரிந்தது. சிமிழ் நிறைய எண்ணெய் ஊற்றியிருந்தார். எரிகிற வெளிச்சத்தில் அவளைத் தனியே விட்டுப் போக மனமில்லை. காற்றுக்கே அணையாததை ஊதி அணைக்கவும் முடியவில்லை.

நனைந்த சீமெந்தில் உட்கார்ந்தார்.

"முதல் செஞ்சது மூச்சு முட்டி நூந்து போச்சு, பீற்றிஸ்," என்று தொடங்கினார். "பிறகு டின்ல ஓட்டை போட்டன்..."