நெஞ்சில் இருந்த மிஷின்

கணவர் பாண்டித்துரையின் மார்பை ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டு வந்த அங்கம்மாள், இடது தோளுக்குக் கீழே வந்ததும் கையை மெதுவாக்கினாள். அங்கே தோலுக்கடியில் தீப்பெட்டி போல ஒரு புடைப்பு. தொண்ணூற்றாறில், கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் ஓடை அள்ளும்போது மயங்கி விழுந்தவருக்கு, இதயம் நின்றுவிடாமல் இருக்க வைத்த பேஸ்மேக்கர். அதற்குப் பிறகும் ஏழு வருஷம் நகரசபை வேலைக்குப் போனார். மகள் ரோஜாவின் கல்யாணத்தில் பந்தி பரிமாறினார். போன வாரம் வேலைக்குப் போய் வந்து காய்ச்சல் என்று படுத்தார், கண் மஞ்சளித்தது. இன்று காலை எல்லாம் முடிந்துவிட்டது.

மகன் ரதீஷ், தெருமுனை கிளினிக்கிலிருந்து டாக்டர் ஷைலஜாவை அழைத்து வந்தான். மலையாளி என்றாலும் அந்தத் தெருத் தமிழ் அவருக்குப் பழக்கம்.

"அம்மா, மிஷினோட தீ வச்சா வெடிக்குமாம். எடுத்துட்டுத்தான் கொண்டு வரணும்னு சுடுகாட்டுல சொல்லிட்டாங்க."

"இனி அவரு மேல கத்தி வைக்க வேண்டா."

ரதீஷ் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் குனிந்து, இறந்தவரின் இமையை விலக்கிப் பார்த்தார்.

"எலிப்பனின்னு தோணுது. ஓடைத் தண்ணியில இருந்து வர்ற எலிக்காய்ச்சல். முன்னமே வந்திருந்தா ஊசி..."

"வாங்கன்னு கூப்பிட்டேன் டாக்டரே. நெஞ்சுல மிஷின் ஓடுது, எனக்கு என்ன வரப்போகுதுன்னு சிரிச்சாரு" என்றாள் அங்கம்மாள்.

வெளியே யாரோ நாற்காலிகளை இறக்கும் சத்தம் கேட்டது.

"அது இப்பவும் ஓடுதா?"

டாக்டர் தயங்கினார். "ஓடும் சேச்சி. பேட்டரி உண்டல்லோ."

"அப்ப ஹார்ட்டு?"

"இது தட்டிக்கிட்டே இருக்கும். அது எழும்பாது."

அங்கம்மாள் துண்டை வைத்துவிட்டு, புடைப்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. ஏதாவது தட்டுப்படும் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எடுத்துக்கோங்க."

"அம்மா, நீ வெளிய வா" என்றான் ரதீஷ்.

"இதை வச்ச அன்னிக்கு ஆஸ்பத்திரியில என்னை உள்ள விடலை. இன்னிக்கு இருக்கேன்."

கதவைச் சாத்தினார்கள். வேலை முடிந்து டாக்டர் தையல் போடும்வரை அவள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு புதுச் சட்டையை அவளே போட்டுவிட்டாள். கீழிருந்து ஒவ்வொன்றாகப் பொத்தானை மாட்டிக்கொண்டு வந்தவள், கழுத்துப் பொத்தானில் நின்றாள். அதை மாட்டினால் அவருக்கு மூச்சு முட்டும். அதைத் திறந்தே விட்டு, காலரை மட்டும் தையல் தெரியாதபடி இழுத்துவிட்டாள்.