கரையேறிய பூனை

வேல்ஸ் கடற்கரையின் அந்த எல்லையை இரண்டு குடும்பங்கள் ஆண்டன. கழிமுகத்துக்கு இந்தப் பக்கம் மார்லெக் வம்சம், அந்தப் பக்கம் ப்ரூவெல் வம்சம். இரண்டுமே அடுத்தவன் நிலத்தை அடித்துப் பிடுங்கியவை. மூன்று தலைமுறை போனதும் அதற்குக் குலப்பெருமை என்று பெயர் வைத்துக்கொண்டன. பொதுவாக இருந்த ஒரே தேவாலயத்துக்கும் இரண்டு வாசல். ஒருவர் முதுகைப் பார்த்துக்கொண்டு மற்றவர் உள்ளே போனால் மானம் கப்பலேறிவிடுமாம்!

மார்லெக் கோட்டையின் சமையற்கட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் மெலெரி. அவள் புருஷன் யோர்வெர்த் மாலுமியாகப் போன மதுக்கப்பல், அந்த வாரம் புயலில் பாறையில் மோதி மார்லெக் கரையில் உடைந்தது. உடைந்த கப்பலின் சரக்கு அந்தக் கரையின் பிரபுவுக்கு. ஆனால் அதிலிருந்து ஒரு மனிதனோ நாயோ பூனையோ உயிரோடு கரையேறிவிட்டால் சரக்கு அதன் சொந்தக்கார வியாபாரிக்கே திரும்பிவிடும் என்பது அரசரின் சட்டம். ஆகவே மார்லெக்கின் ஆட்கள் தடியோடு கரையைச் சுற்றினார்கள். தவழ்ந்து வந்த இரண்டு மாலுமிகள் 'ஏற்கெனவே செத்துக் கிடந்தார்கள்'. தப்பித்த யோர்வெர்த் தன் வீட்டு வைக்கோலுக்குள் ஒளிந்து கிடந்தான். வீடு வீடாகச் சோதனையும் தொடங்கிவிட்டது.

"வெளிய தலை காட்டினா அடிச்சே கொன்னுடுவானுங்க," என்றான்.

"நீ உசுரோட இருக்கிறதுதானே அவனுங்க கண்ண உறுத்துது? வேற ஒண்ணு உசுரோட வந்திடுச்சுன்னு ஊருக்கே தெரிஞ்சிட்டா, உன்னக் கொன்னு என்ன லாபம்? பேசாம கிட," என்றாள் மெலெரி.

ஞாயிற்றுக்கிழமை, பூசை நடுவே அவள் தேவாலயத்துக்குள் நுழைந்தாள். கையில் உப்புத்தண்ணீர் சொட்டச்சொட்ட, வாலில் தார் அப்பிய ஒரு சாம்பல் பூனை.

"கப்பல் பலகையத் தொத்திக்கிட்டு வந்திருக்குது, பிரபு. பாறை இடுக்குல கெடந்துச்சு."

பின்வரிசையில் நின்ற சமையல்காரன் க்வியோன் அவள் காதோரம் குனிந்தான். "அடியே, இது நம்ம சமையக்கட்டுப் பூனையில்ல?"

"வாய மூடுண்ணே."

ப்ரூவெல் பிரபு துள்ளி எழுந்தார். "அந்தக் கப்பல் பூனையேதான்! துறைமுகத்துல நானே பார்த்தேன், ஆண்டவர்மேல சத்தியம்!" அவர் அதைக் கனவில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் பகையாளியின் வாய்க்கு எட்டிய மது கைநழுவுகிறதென்றால், அவருக்குப் பொய்ச்சத்தியமும் ஒரு பிரார்த்தனைதான்.

"பொய்! ஏதோ ஊர்ப் பூனை!" மார்லெக்கின் முகம் சிவந்தது.

"எந்த வீட்டுப் பூனை? சொல்லச் சொல்லுங்களேன் பார்ப்போம்!" என்றார் ப்ரூவெல்.

மார்லெக் தன் குடிகளின் பக்கம் திரும்பினார். "யாருதுடா இது?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. எத்தனையோ வருடமாக அவர் மேசைக்குக் கீழே படுத்து, அவர் போட்ட மீன்முள்ளைத் தின்று வளர்ந்த பூனை அது. அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தன் வீட்டில் யார் தின்கிறார்கள், யார் பட்டினி கிடக்கிறார்கள் என்று என்றைக்குக் குனிந்து பார்த்தார், இன்றைக்குத் தெரிவதற்கு? அரசரின் அதிகாரி வரும்வரை சாட்சி சாகக்கூடாதென்று ப்ரூவெல் தன் ரோமப் போர்வையிலேயே பூனையைச் சுற்றி எடுத்துப் போனார். காவலுக்கு இரண்டு வீரர்கள் வேறு.

அதிகாரி வந்து பூனையைப் பார்த்துத் தீர்ப்பு எழுதிய மறுநாள், பட்டப்பகலில் யோர்வெர்த் தெருவில் இறங்கினான். மார்லெக்கின் ஆட்கள் பீப்பாய்களை வியாபாரிக்காகத் திரும்ப உருட்டிக்கொண்டிருந்தார்கள். தடியோடு கரையில் நடந்தவர்களில் ஒருவன் அவனை உற்றுப் பார்த்தான்.

"நீ அந்தக் கப்பல்ல போனவன்தானே?"

"ஆமா."

"செத்துட்டேன்னு நெனச்சோம். சரி சரி, ஒதுங்கி நில்லு, பீப்பா வருது."