எட்டு மணித்தியாலக் கறி

கரண்ட் போனபோது மெல்ரொன் வெங்காயத் தோலை வாளிக்குள் தட்டிக்கொண்டிருந்தான். ஸ்லோ குக்கரின் சிவப்பு விளக்கு அணைந்ததைக் கண்டதும் அவன் கை அப்படியே நின்றது. விடிய ஐந்து மணிக்குப் போட்டது. எட்டு மணித்தியாலம் அவியவேண்டும். இன்னும் ஒன்பதுகூட ஆகவில்லை. மூடியைத் திறந்தால் உள்ள சூடும் போய்விடும் என்று தெரிந்தும் திறந்தான். சிவப்பு வைனுக்குள் கரட்டும் மாட்டிறைச்சியும் அசையாமல் கிடந்தன. ஒரு துண்டைக் கரண்டியால் அழுத்திப் பார்த்தான். அது நசியாமல் வழுக்கிக்கொண்டு போனது.

"சட்டியில ஊத்தி அடுப்பில வைப்பமே?" என்றாள் அவன் மனைவி யூலிற்றா. "சேர்ச்சில பூசை முடிய அப்பா நேர இஞ்சதான் வருவார்."

"பொறு. கரண்ட் வரும். அங்க ஒருத்தரும் இதை விறகில வைக்கிறேல்லை. மெல்ல மெல்லத்தான் அவியவேணும்."

'அங்க' என்ற சொல் அவனுக்கே புளித்துப்போயிருந்தது. பாரிஸில் பதினொரு வருடம். அகதி வழக்கு கடைசி முறையும் தள்ளுபடியாக, ஒரு பெட்டியோடும் இந்தக் குக்கரோடும் முல்லைத்தீவுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. அவனைப் பற்றி ஊரில் பெருமையாக மிஞ்சியிருந்தது ஒரேயொரு கதை: அருளப்புவின் மருமகன் பெரிய ரெஸ்ரோரன்றில் வெள்ளைக்காரருக்குச் சமைத்தவன். அந்தக் கதையை நம்பித்தான் மாமனார் கடற்கரை வீதியிலிருந்த தன் காணித்துண்டில் அவனுக்கொரு சாப்பாட்டுக்கடை போட்டுக் கொடுக்க நினைத்திருந்தார். "முதல்ல உங்கட கையால ஒண்டு சாப்பிடுவம், தம்பி" என்று போன கிழமை சொல்லியிருந்தார்.

அந்த ரெஸ்ரோரன்றின் நிலவறையில் மெல்ரொன் சட்டி கழுவினான். இந்தக் கறி காய்ச்சிய இரும்புச் சட்டி ஒவ்வொரு இரவும் கீழே வரும். ஒருவரும் பார்க்காத நேரம் அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வாய்க்குள் வைப்பான். அதன் ருசி அவன் நாக்குக்குத் தெரியும். கைக்குத் தெரியாது. கைக்குத் தெரிந்ததெல்லாம் தொலைபேசியில் நாலு தரம் பார்த்த வீடியோதான்.

பத்து மணியாயிற்று. பதினொன்றாயிற்று. கரண்ட் வரவில்லை. வெளியே ஓடிப்போய்க் கம்பத்தைப் பார்த்தான், ஏதோ அவன் பார்த்தால் வந்துவிடும் என்பதுபோல. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சட்டியில் கவிழ்த்து அடுப்பில் ஏற்றினான். விறகு அவன் சொற்கேட்டு எரியவில்லை; ஒன்றில் புகைந்தது, அல்லது குப்பென்று பிடித்தது. வைன் வற்றி அடிப்பிடித்த மணம் வந்தது. யூலிற்றா கொஞ்சம் மிளகாய்த்தூளோடு கிட்ட வந்தாள்.

"தொடாத!"

கதிரையில் இருந்து படித்துக்கொண்டிருந்த மகள் டிலுசா நிமிர்ந்து பார்த்தாள். தகப்பன் வந்த இந்த இரண்டு மாதத்தில் அவன் சத்தத்தை அவள் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. யூலிற்றா மிளகாய்த்தூளை மெல்லப் பழையபடி போத்தலுக்குள் கொட்டினாள்.

அருளப்பு பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டோடு வந்து மேசையில் அமர்ந்தார். ஒரு துண்டை வாயில் வைத்தார். மென்றார். கடலுக்குப் போகிற மனிதர், அவசரப்படாமல் நெடுநேரம் மென்றார். பிறகு ஒருவரும் காணாதமாதிரி எடுத்துச் சோற்றுக் கோப்பையின் விளிம்பில் வைத்தார். இரண்டாவது துண்டும் அங்கேயே வந்தது.

"குழம்பு நல்லாயிருக்கு தம்பி" என்றார். "இதை அங்க ஒரேயடியா எத்தினை பேருக்குச் சமைப்பியள்?"

மெல்ரொன் வாயைத் திறந்தான். அறுபது பேருக்கு என்று சொல்லலாம். தான் கழுவிய சட்டியின் பாரத்தை வைத்துச் சொன்னால் அது பொய்கூட இல்லை. "தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் மாமா" என்று எழும்பிக் குசினிக்குள் போனான்.

யூலிற்றா அடுப்படியில் நின்றாள்.

"நான் அங்க சமைக்கேல்லை" என்றான். "சட்டி கழுவினனான். பதினொரு வருசமும்."

அவள் அவனையே பார்த்தாள். "அனுப்பின படத்தில சமையல்காரற்ற தொப்பி போட்டுக்கொண்டு நிண்டனீங்களே."

"அது இரவல் தொப்பி."

அவள் ஏசுவாள் என்று நினைத்தான். ஏசினால் நல்லது என்றுகூட நினைத்தான். அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

"பிள்ளை, இன்னும் கொஞ்சம் குழம்பு கொண்டாவன்!" அருளப்பு கூப்பிட்டார்.

"ஓம் அப்பா."

இறைச்சித் துண்டுகளை ஒதுக்கிக் குழம்பை மட்டும் ஒரு பாத்திரத்தில் அள்ளிக்கொண்டு போனாள். மெல்ரொன் கதவடியில் நின்று பார்த்தான். தகப்பனுக்குப் பக்கத்தில் நின்று அவள் ஊற்றினாள். யன்னலுக்கு வெளியே எங்கோ பார்த்தபடி ஊற்றிக்கொண்டே நின்றாள். கருஞ்சிவப்புக் குழம்பு கோப்பையின் விளிம்பைத் தாண்டி மேசைவிரிப்பில் பரவியது.

"போதும் பிள்ளை" என்றார் அருளப்பு. "போதும், போதும்."